செத்த கிருமி எங்கே போச்சு?

என் கணவரின் அக்கா அரியலூரிலிருந்து ஒரு பெரிய பையோடு வந்து இறங்கியபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அண்ணி சாதாரணமாக வந்தால் கையில் முருங்கைக்காயோ கத்திரிக்காயோ இருக்கும். வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய்விடுவார். அன்று கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "எதிர்வூட்டுப் பொம்பளைங்கள கூப்புடு, பக்கத்து வூட்டையும் வரச் சொல்லு. ஒண்ணு காட்டணும்" என்றார். கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் போல முகத்தில் ஒரு மினுமினுப்பு.

என் இரண்டு பெண்களும் ஓடி வந்து அந்தப் பைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். வேலை நாள், காலை பதினோரு மணி. மற்ற பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தவள். மூத்தவளும் அங்கேதான் படித்தாள். தினமும் காலையில் அவளுக்கு வயிற்றுவலி வரும். எந்த டாக்டரிடம் காட்டினாலும் ஒன்றும் இல்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்காது. ஒரு கட்டத்தில் அவளை நிறுத்திவிட்டு நானும் நின்றுவிட்டேன். அக்கா போகாத இடத்துக்கு நான் ஏன் போக வேண்டும் என்று சின்னவளும் தானாக நின்றுகொண்டாள். இப்போது ஒருத்திக்குப் பன்னிரண்டு, இன்னொருத்திக்கு ஒன்பது. வீட்டில் கால அட்டவணை கிடையாது. எதைப் பற்றிக் கேள்வி வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு போவோம். எனக்கும் பாதி விஷயம் தெரியாது என்பதால் மூன்று பேரும் சேர்ந்தேதான் தேடுவோம்.

தெருவில் இதை யாரும் நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணி வெளிப்படையாகவே கேட்பார்: "டீச்சரா இருந்தவ புள்ளைங்களே வூட்டுல ஒக்காந்திருந்தா ஊரு என்னா நெனைக்கும்?" வரும்போதெல்லாம் சின்னவளை நிறுத்தி வாய்ப்பாடு கேட்பார். அவள் ஏழாம் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொள்வாள். அண்ணி அவளைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார்.

அந்தச் சமயத்தில் எங்கள் கேள்வியெல்லாம் துவைப்பது, துடைப்பது, கழுவுவது பற்றியே ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பித்து வைத்தது ஒரு சிவப்புப் பாவாடை. புதுத்துணி என்று உப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன்.

"எதுக்கும்மா உப்பு?" என்றாள் மூத்தவள்.

"சாயம் போகாம இருக்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் போடுவாங்கடி."

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. பாவாடையை உயரம் குறைத்தபோது வெட்டிய துண்டை இரண்டாக்கி, ஒன்றை உப்புத் தண்ணீரிலும் ஒன்றை வெறும் தண்ணீரிலும் போட்டாள். பிறகு இரண்டையும் அலசினாள். இரண்டு கிண்ணமும் ஒரே மாதிரி சிவந்தன. என் அம்மா போட்டது, நான் போட்டது, அத்தனை உப்பும் எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் எந்தப் பொருளையும் நிம்மதியாகக் கையில் எடுக்க முடியவில்லை. பினாயில் வாசம் வந்தால் தரை சுத்தமா, நுரை நிறைய வந்தால் அழுக்கு நிறையப் போகுமா என்று இருவரும் என் பின்னாலேயே வந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தது எலுமிச்சை விஷயத்தில்தான். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர், குழாயில், வாளியில், எதில் பட்டாலும் வெள்ளையாகப் படிந்துவிடும். எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் கொட்டிப் பொங்க வைத்து, அதை ஊற்றித் தேய்ப்பது என் வழக்கம். அந்தப் பொங்கலைப் பார்த்தாலே பாதி அழுக்கு போய்விட்டது போல இருக்கும். பிள்ளைகள் ஒரு குழாய்க்கு வெறும் எலுமிச்சை, இன்னொன்றுக்கு என் கலவை என்று பிரித்துக்கொண்டார்கள். வெறும் எலுமிச்சை தடவிய இடத்தில் வெள்ளை கரைந்து உள்ளிருந்து பளபளப்பு தெரிந்தது. என் கலவை பொங்கி அடங்கிய பிறகு சும்மா கிடந்தது.

"பொங்குனது கொழாய்க்காக இல்லம்மா," என்றாள் சின்னவள். "அதுங்க ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சண்ட போட்டுக்கிட்டு ஓஞ்சு போச்சு."

எல்லாமே பொய்யாகிவிடவில்லை. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்ததும் அது சொன்னபடியே மின்னியது. அன்று மூத்தவளுக்கு ஏமாற்றம். அதையும் கவிழ்த்துவிடலாம் என்று நினைத்திருந்தாள் போல.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அண்ணி அந்தப் பையோடு வந்தார்.

எதிர்வீட்டு அக்காவும் பக்கத்து வீட்டு மருமகளும் வந்து உட்கார்ந்ததும், அண்ணி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்தார். சின்னக் குப்பியிலிருந்து சில சொட்டு விட்டார். தண்ணீர் பழுப்பானது. "இதுதான் நம்ம வூட்டுத் தரையில இருக்கிற அழுக்கு, கிருமி எல்லாம்னு வெச்சுக்குங்க" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு நீல பாட்டிலை எடுத்து, ஒரு மூடி திரவத்தை அதில் ஊற்றினார். கண் எதிரிலேயே பழுப்பு மறைந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. எதிர்வீட்டு அக்கா வாயைப் பிளந்தார்.

"பாத்தீங்களா? அத்தன கிருமியும் செத்துப் போச்சு!"

சின்னவள் டம்ளரைத் தூக்கி, அடியைக் கீழிருந்து பார்த்தாள்.

"செத்த கிருமி எங்க அத்த போச்சு? அடியில ஒண்ணும் கெடக்கலையே?"

பக்கத்து வீட்டு மருமகள் சிரித்துவிட்டாள். அதற்குள் மூத்தவள் அந்தச் சின்னக் குப்பியை எடுத்து முகர்ந்தாள். "அத்த, இது கால்ல அடிபட்டா போடுற மருந்து வாசன அடிக்குது. அழுக்கு வாசன இல்ல."

அண்ணியின் முகம் சுருங்கியது. "அப்ப நான் பொய் சொல்லவா பஸ் ஏறி வந்தேன்?" என்று என்னிடம் கேட்டார். நான் பிள்ளைகளை அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. எனக்கும் அந்த டம்ளர் மேல் சந்தேகம் இருந்தது. அண்ணி சாப்பிடாமலே கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தா பெரியவங்கள்ட்ட எப்புடிப் பேசணும்னாவது தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அன்று மதியமே வீட்டில் இருந்த காயமருந்தை எடுத்துத் தண்ணீரில் சொட்டு விட்டோம். அதே பழுப்பு. சின்னவள் அடுப்படியில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒவ்வொரு டம்ளரில் ஊற்றினாள். உப்பு, ஷாம்பு, பாத்திரம் தேய்க்கும் சோப்பு எதற்கும் அது அசையவில்லை. கஞ்சித்தண்ணீரில் கருநீலமாக மாறியதும் இருவரும் கத்திக் கூப்பிட்டார்கள். கடைசியில் எலுமிச்சைச் சாறு. பிழியப் பிழிய நிறம் வெளுத்து, அண்ணியின் டம்ளர் போலவே தெளிந்தது. எதனால் இப்படி என்று போனில் தேடிப் படித்தோம். மருந்தில் இருக்கும் அயோடினின் நிறத்தை எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி போக்கிவிடுகிறது, அவ்வளவுதான். நீல பாட்டிலில் என்ன போட்டிருந்தார்களோ, எங்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த வித்தைக்கும் தரை அழுக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சின்னவள் அதைச் செய்து காட்டி, அப்பாவின் போனில் வீடியோ எடுத்து அத்தைக்கு அனுப்பியிருக்கிறாள். எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறார்களாம். வந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார். எந்த வகுப்பில் நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள், அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். பெரியவள் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவாள் என்றேன். "எழுத வெச்சுருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

சாயங்காலம் கணவர் வந்ததும் வெடித்தேன். "உங்க அக்கா வேலதான் இது. புள்ளைங்க அவங்க மூக்க ஒடச்சதுக்குப் பழி வாங்குறாங்க."

"அக்கா அப்புடிச் செய்யாது" என்றார் அவர்.

"வேற யாருக்கு நம்ம மேல இவ்வளவு அக்கற?"

அன்றிலிருந்து அண்ணியின் போனை நான் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். யோசிக்க யோசிக்க எல்லாம் பொருந்தி வந்தது. அவர் வாய்ப்பாடு கேட்டது, வாசலில் சொன்னது, வீடியோவுக்குப் பதில் போடாதது. சந்தேகம் ஒரு முறை உள்ளே வந்தால் உட்கார இடம் தானே தேடிக்கொள்கிறது.

மூத்தவள் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அத்ததான் சொன்னாங்கன்னு ஒனக்கு எப்புடிம்மா தெரியும்?" என்றாள்.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்து, "எதிர்வூட்டுக்கும் வந்திருக்காங்க. மூலை வூட்டுக்கு, மாவு மில்லுக்காரங்க வூட்டுக்கு, எல்லாத்துக்கும் போயிருக்காங்க. மாவு மில் வூட்டுல புள்ளைங்களே கெடையாது, அங்கயும் கேட்டிருக்காங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஜெயித்த தொனி இல்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதும் எனக்கு முழுசாக நம்பிக்கை வரவில்லை. ஒருத்தரைப் பற்றிச் சொன்னது வெளியே தெரியக் கூடாதென்று எல்லா வீட்டுக்கும் போயிருக்கலாமே என்று தோன்றியது. எனக்கே அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அரியலூர் பஸ் ஏறினேன்.

சிமென்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சாலையோரச் செடிகளின் இலையெல்லாம் சாம்பல் பூசியிருந்தது. அண்ணி வீட்டு வாசலிலும் அதே தூசி. கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கட்டிலுக்கு அடியில் நீல பாட்டில்கள் அடுக்கியிருந்தன.

நான் எப்படி ஆரம்பிப்பது என்று திணறினேன். சின்னவள் ஆரம்பித்துவிட்டாள். "அத்த, நான் அனுப்புனத பாத்தீங்களா?"

"பாத்தேன்டி. ஒரு தடவையா பாத்தேன்?" என்றார் அண்ணி. "அப்பறம் நானே செஞ்சு பாத்தேன். எலுமிச்சம்பழத்த எடுத்துக்கிட்டு அந்தக் கூட்டத்துக்கே போனேன்."

அந்தத் திரவத்தை விற்கப் பெண்களைச் சேர்ப்பவர்கள், வாரம் ஒரு நாள் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடத்துவார்களாம். பயிற்சி கொடுப்பவர் டம்ளரில் வித்தையைக் காட்டி முடித்ததும், அண்ணி எழுந்துபோய் இன்னொரு டம்ளரில் எலுமிச்சையைப் பிழிந்திருக்கிறார். நிறம் போய்விட்டது.

"அவன் அசரணுமே? மைக்க எடுத்துக்கிட்டு, 'பாத்தீங்களா, எலுமிச்சம்பழத்தோட மொத்த சக்தியும் நம்ம பாட்டில்ல இருக்கு, இந்த அக்காவே நிரூபிச்சுட்டாங்க'ங்கறான். எல்லாரும் கை தட்டுறாளுங்க."

"நீங்க என்ன பண்ணீங்கண்ணி?"

"நானுந்தான் தட்டுனேன். அத்தன பேரு தட்டும்போது நான் மட்டும் எப்புடி சும்மா நிக்கிறது? வூட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு." அவர் சிரிக்க முயன்றார், வரவில்லை. "அவரு லாரியில போயிடுறாரு. புள்ளைங்க வெளியூர்ல. எனக்குன்னு ஒரு வேல இருக்கட்டும்னு சேந்தேன். நெசமாவே கிருமி சாவுதுன்னுதான் நம்புனேன்."

பிள்ளைகள் பின்கட்டுக்குப் போனதும், என்னைப் பார்த்து, "கணக்கெடுக்க வந்தாங்களாமே, தம்பி சொன்னான். நான்தான் சொல்லி வுட்டேன்னு நெனைச்சே இல்ல?" என்றார்.

"ஆமாண்ணி."

"போன எடுக்காதப்பவே தெரிஞ்சுது." முந்தானையை முறுக்கினார். "சொல்லலாமான்னு நெனச்சதுண்டு. பொய் சொல்ல மாட்டேன். போன வருசம். தம்பி மூஞ்சிக்காக வுட்டுட்டேன். இப்பவும் நீ செய்யறது எனக்குப் புடிக்கல."

எனக்கு அதைக் கேட்டு வருத்தமா நிம்மதியா என்று சொல்லத் தெரியவில்லை. என் சந்தேகம் முழுக்கத் தப்பும் இல்லை, சரியும் இல்லை. "சரிங்கண்ணி" என்று மட்டும் சொன்னேன்.

பின்கட்டிலிருந்து சின்னவள் கத்தினாள். பைக் நிறுத்தும் சிமென்ட் தரையில் கருப்பாய் எண்ணெய்க்கறை. அதில் நீல பாட்டிலை ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். கறை பாதிக்கு மேல் வெளுத்திருந்தது.

"அட, வேல செய்யுதே!" அண்ணியின் முகம் ஒரு நிமிஷம் பழையபடி மின்னியது.

மூத்தவள் தரையை முகர்ந்துவிட்டு, "சோப்புத்தண்ணி ஊத்துனாலும் போகுமான்னு பாக்கணும் அத்த" என்றாள். பக்கத்திலேயே இன்னொரு கறையில் துணி சோப்பைக் கரைத்து ஊற்றித் தேய்த்தாள். அதுவும் அதே அளவு வெளுத்தது. அண்ணி குனிந்து இரண்டு இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய், சீயக்காய் டப்பாவோடு வந்தார்.

"நவுருங்கடி, இதையும் பாத்துருவோம்" என்று புடவையைச் செருகிக்கொண்டு குந்தினார்.