அப்பா சத்தம் போட்ட நாள்

என் அப்பா சத்தம் போட்டு நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு ஸ்பீக்கர் வாங்க வேண்டியிருந்தது.

கோவில்பட்டியில் ஒரு பஞ்சாலையில் அவருக்கு வேலை. நூல் ஓடும் இயந்திரங்களுக்கு நடுவே பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் காதில் விழாது என்பதால் அங்கே எல்லாரும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். மற்றவர்கள் அந்தப் பாஷையை ஷிப்டு முடிந்ததும் மில்லிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அப்பா சைக்கிளில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். இரண்டு விரலைத் தேய்த்தால் உப்பு. கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணீர். உள்ளங்கையைக் கவிழ்த்து மெதுவாகக் கீழே இறக்கினால், போதும். சோறு போதும் என்பதற்கும், நான் அம்மாவிடம் அளந்துகொண்டிருக்கும் கதை போதும் என்பதற்கும் அதே கைதான்.

வார லீவு என்பது புஞ்சையில் வேலை பார்ப்பதற்காக மில் கொடுக்கும் அனுமதி என்று அவர் நம்பினார். தன் தங்கைக்குக் கல்யாணம், எனக்குப் படிப்பு, வீட்டுக்குக் கான்கிரீட் கூரை, எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்து முடித்தார். நான் பத்திரிகையில் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினால் தெருவே அறியும். யாரும் சிரிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

அம்மா போன பிறகு அவர் கைப்பேச்சுக்கு வீட்டில் ஆள் இல்லை. நான் டவுனில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஊருக்குப் போவேன். அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், எதிரே நான். பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறவனுக்கு அங்கே பேச ஒரு வாக்கியம் அகப்படாது. "வாரேன்ப்பா" என்பேன். தலையை ஆட்டுவார்.

எண்பதைத் தாண்டியும் விவசாயத்தை விடவில்லை. எங்கள் பக்கம் கரிசல் முழுக்க இப்போது மக்காச்சோளம். சோளம் வந்த பின்னாலேயே மயிலும் காட்டுப்பன்றியும் வந்துவிட்டன. அதற்காகத்தான் அந்த ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டு போனேன். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வண்டியில் கட்டியிருப்பார்களே, அந்தக் குழாய் ஸ்பீக்கர். பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால் பதிவாகும். பிறகு நாள் முழுக்க அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். "உங்கள மாதிரியே" என்றாள் என் மனைவி.

முதலில் என் குரலைத்தான் பதிந்தோம். மயில்கள் கூட்டமாக வந்து நின்று கேட்டன. பக்கத்துப் புஞ்சைக்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இது வெரட்டுத மாதிரி இல்ல. ஆண்டு விழாவுக்கு வாங்க வாங்கன்னு கூப்பிடுத மாதிரில்லா இருக்கு."

வேறு வழியில்லாமல் அப்பாவிடம் சொன்னேன், "நீங்க சத்தம் போடுங்கப்பா."

"என்னத்தச் சொல்ல?"

"நல்லா திட்டுங்க, வைங்க."

"பன்னிய வையலாம். மயில எப்படி வைய? கழுகுமலையான் வாகனம்லா."

அந்த வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். எங்களுக்கு முதுகைக் காட்டி, சோளத்தைப் பார்த்து நின்றார்.

"ஏஏஏய்! ஹோய்! ஓடு! போ சாமி, போ!"

காடே எழுந்து பறந்தது. நானும் ஓர் அடி பின்வாங்கிவிட்டேன். இவ்வளவு பெரிய குரலை வைத்துக்கொண்டா இந்த மனிதர் உப்புக்கு விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்? அவர் திரும்பி, பழைய குரலில் கேட்டார்: "போதுமாய்யா?"

நான் பட்டனை இன்னும் விடவில்லை. அதுவும் பதிவாகிவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கிக் காட்டினேன். லேசாகச் சிரித்தார். அவர் பாஷையில் நான் அவரிடம் பேசியது அநேகமாக அது ஒன்றுதான்.

மார்கழியில், கதிர் பால் பிடிக்கும் சமயத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். செய்தி கேட்டு மணியாச்சியிலிருந்து அத்தை வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, எங்கள் புஞ்சை வழியாக நடந்து வந்தவள் வாசலில் நின்று என்னைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"ஏலே, எவம்லே போன்ல சொன்னது? எங்கண்ணன் அங்கன நின்னு சத்தம் போட்டுக்கிட்டுல்லா இருக்காவ!"

வேலைக்கு வைத்த ஸ்பீக்கரை நிறுத்த யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. நான் விலகி வழிவிட்டேன். அத்தை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு பக்கத்துப் புஞ்சைக்காரரே எங்கள் நிலத்தையும் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, எடுத்துப் பார்த்தார். நான் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தை விடவில்லை. வீடு பூட்டிக் கிடந்ததால் வரப்பில் போய் உட்காருவேன். அப்பா பன்றியை விரட்டுவார், மயிலைக் கெஞ்சுவார், பிறகு "போதுமாய்யா?" என்பார். உயிரோடு இருந்த காலத்தில் எங்களுக்குள் இவ்வளவு பேச்சு நடந்ததில்லை.

இந்த வருடம் கதிர் பிடித்ததும் பக்கத்துப் புஞ்சைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"எப்படிக் கேக்கன்னே தெரியல அண்ணாச்சி. மயிலுக்கு அப்பா சத்தம் பழகிப்போச்சு. அங்கன பாருங்க."

ஸ்பீக்கர் கட்டிய கம்பின் உச்சியில் ஒரு மயில் உட்கார்ந்து, அப்பா போடும் சத்தத்துக்கு மேலேயே கழுத்தைக் கோதிக்கொண்டிருந்தது.

"வேற குரல் போட்டாத்தான் கதிரு மிஞ்சும். நான் போடுதேன். பழசு அழிஞ்சிரும், செல்லுல ஏத்தி வச்சிருக்கீகல்லா?"

"ஏத்தியாச்சு" என்றேன். பொய்யில்லை. ஆனால் செல்லில் இருப்பது குரல் மட்டும். ஒரு தடவை வீட்டில் அதைப் போட்டேன். ஹாலில் நின்று அவர் யாரை விரட்டுகிறார் என்று விளங்காமல் அணைத்துவிட்டேன். இங்கே அவர் வேலையில் இருந்தார். செத்த பிறகும் ஒரு போகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார். இப்போது பயிர் என் எதிரே நிற்கும் மனிதருடையது. பெண்டாட்டியும் அவரும் வெயிலில் நின்று களை எடுத்த பயிர்.

"ஒரு தடவ ஓடி முடியட்டும்" என்றேன்.

ஓடியது. "போ சாமி, போ." மயில் போகவில்லை. "போதுமாய்யா?"

நான் உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கினேன்.

"யாருக்கு அண்ணாச்சி கை காட்டுதீங்க?"

"மயிலுக்கு."

அவர் கம்பின் உச்சியைப் பார்த்தார். "அது அசையக் காணுமே" என்றார். பிறகு ஸ்பீக்கரை அவிழ்த்துக் கீழே வைத்து, தொண்டையைச் செருமி, பட்டனை அமுக்கினார். பதிவாகும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. எனக்கும் அது வசதியாக இருந்தது.