படம் டீச்சரும் பத்து நுண்ணோக்கிகளும்

அந்த அரசுப் பள்ளியின் அறிவியல் ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'படம் டீச்சர்'. ஆய்வுக்கூடத்தில் உடைந்த பெஞ்சுகள் குடியிருந்த காலம் முழுக்க, கரும்பலகையிலேயே தவளையை அறுத்து, சாக்பீஸாலேயே அமிலத்தைக் கொதிக்க வைத்தவர்.

தேர்ச்சியில் கடைசி என்று பேரெடுத்த பிறகுதான் பள்ளிக்கு மேம்பாட்டு நிதி வந்தது. சுவர் வெளுத்தது, பத்து நுண்ணோக்கிகள் வந்தன. பார்வையிட வரும் அதிகாரி முன்னால் பிள்ளைகளே சோதனை செய்துகாட்டினால் நிதி தொடரும். இல்லாவிட்டால் தொலைவிலுள்ள பள்ளியோடு இதைச் சேர்த்துவிடுவார்கள். அவ்வளவு தூரம் எத்தனை பெண்பிள்ளைகளை அனுப்புவார்கள் என்று டீச்சருக்குத் தெரியும்.

உடைந்தால் யார் பதில் சொல்வது என்று தலைமையாசிரியர் நுண்ணோக்கியின் உறையைக்கூடக் கழற்ற விடவில்லை. சோதனைக்கு வேண்டிய வெங்காயத் தோலை மட்டும் டீச்சர் வீட்டில் உரித்துப் பழகினார்.

"தினமும் கண்ணத் தொடச்சுட்டே வெளிய போறேன். ஒன்ன நான் அடிக்கிறேனா, நீ என்ன அடிக்கிறியான்னு தெருவே கேக்குது," என்றார் கணவர்.

"பேசாம உரிங்க. தோல் கிழியக் கூடாது."

அதிகாரி வந்த அன்றுதான் உறைகள் கழன்றன. பழக்கதோஷத்தில் டீச்சர் பலகையில் வெங்காயச் செல்லை வரைந்துவைத்தார். பிள்ளைகள் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்து வரைந்தார்கள். எல்லாப் படங்களும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. அதிகாரியம்மா ஒரு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார்.

"ஒரே இருட்டா இருக்கு. இதுல எப்பிடிம்மா பாத்தே?"

"ஒண்ணும் தெரியல மேடம். ஆனா டீச்சர் போட்ட படம் தப்பா இருக்காது," என்றாள் அந்தப் பெண், பெருமையாக.

டீச்சர் எழுந்து போய்ப் பலகையைச் சுத்தமாக அழித்தார்.

"மேடம், இன்னும் ஒரு பீரியட் இருக்க முடியுமா?"

அதிகாரி கைப்பையைக் கீழே வைத்தார்.

டீச்சர் பிள்ளைகளிடம் திரும்பினார். "அடியில இருக்கற கண்ணாடிய ஜன்னல் பக்கம் திருப்புங்க, வெளிச்சம் வரும். தெரியறத மட்டும் வரைங்க."

"தெரியலன்னா டீச்சர்?"

"தெரியலன்னு எழுது."

கொஞ்ச நேரத்தில் வகுப்பு சந்தைக்கடையானது.

"ஏய், இங்க வட்டமா ஒண்ணு இருக்குடி! டீச்சர் அத வரையவே இல்ல!"

"அது காத்துக்குமிழி. நீ தோலு மேல கண்ணாடிச் சில்ல ஒழுங்கா மூடல."

"மொதல்ல வந்து பாரு, அப்புறம் பேசு!"

சண்டையைத் தீர்க்க அதிகாரியே குனிந்து பார்க்க வேண்டியதாயிற்று. நிதி தொடர்ந்தது, பள்ளியும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது டீச்சர் எதை வரைந்தாலும், "நீங்க பாத்ததா டீச்சர், புக்குல இருக்கறதா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். சில நாள் அவருக்குக் கோபம்கூட வருகிறது.