கொத்தமல்லிக் கட்டின் ரப்பர் பேண்ட்

ஃப்ரீசரில் கல்லாகிப் போன துருவிய தேங்காயைச் சட்னிக்கு எடுக்கச் சரியான வழி, பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுப் பொறுமையாக இருப்பது. எனக்கு அந்த வழி தெரியும். இருந்தும் அந்த ஞாயிறு காலை, கட்டியை வலது உள்ளங்கையில் ஏந்தி, இடது கையில் கத்தியைப் பிடித்துச் சிற்பி மாதிரி நெம்பினேன். நான் இடக்கைக்காரன். தேங்காய் அசையவில்லை. கத்தி வழுக்கி வலது கட்டைவிரலில் இறங்கியது.

இடக்கைக்காரன்தான் என்றாலும் சாப்பிடுவது வலது கையால். சின்ன வயதில் அதட்டிப் பழக்கியது. பிசைந்த சோற்றை வாய்க்குள் தள்ளிவிடும் வேலை முழுக்க அந்தக் கட்டைவிரலுடையது. என் உடம்பில் ஒருநாளும் லீவு போடாத உறுப்பு அது ஒன்றுதான். போயும் போயும் அதையே வெட்டிக்கொண்டேன்.

டிஷ்யூவை வைத்து அழுத்தினேன். நனைந்துகொண்டே வந்தது. எங்கள் சமையலறைக் குழாயின் கழுத்தில், கொத்தமல்லிக் கட்டுகளிலிருந்து கழற்றிய நீல ரப்பர் பேண்டுகள் வளையல் மாதிரி தொங்கும். எதற்காவது உதவும் என்று சேர்த்து வைப்பவன் நான். ஒன்றை எடுத்து டிஷ்யூவுக்கு மேல் சுற்றிச் சுற்றி இறுக்கினேன். அதன்மேல் இன்னும் டிஷ்யூ, அதற்கும் மேல் கிச்சன் டவல். விரலின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. ரத்தம் நின்றுவிட்டது. பின்னே, இன்ஜினியர் கட்டிய கட்டு.

மனைவி வந்து பார்த்தாள். திட்டுவதைத் தள்ளி வைத்துவிட்டு, எந்தக் காயத்துக்கு எங்கே போக வேண்டும் என்று போனில் தேடினாள்.

“ரத்தம் நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு.”

“அப்ப அர்ஜென்ட் கேர் போதும், சின்னக் காயத்துக்கெல்லாம் அந்த க்ளினிக்தான். தையல் போட்டு அனுப்பிடுவாங்க. இண்டியன் ஸ்டோர் பக்கத்துலயே இருக்கு, அப்படியே கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துடலாம்.” இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் படித்தாள். “விரல் மரத்துப் போயிருக்கான்னு கேக்குது.”

நுனியைத் தொட்டுப் பார்த்தேன். வேறு யாருடைய விரலையோ தொடுவது போல இருந்தது. மடக்கிப் பார்த்தேன். மடங்கவில்லை.

“மரத்துத்தான் போயிருக்கு.”

“நெஜமாவா, இல்ல சட்னி அரைக்காம தப்பிக்கவா?” என்றவள் நுனியைப் பார்த்துக் குரலை இறக்கினாள். “ஏங்க, கத்தரிக்கா கலர்ல இருக்கு. நரம்பு கட் ஆயிருந்தா அர்ஜென்ட் கேர்ல ஒண்ணும் பண்ண முடியாதாம். எமர்ஜென்சிக்கே போயிடலாம்.”

“லுங்கியை மாத்திட்டு வந்துடறேன்.”

“எமர்ஜென்சிங்க.”

“அதுக்காக? இந்த ரவுண்ட் ராக் ஊர்ல பாதிப் பேர் நம்ம ஆபீஸ்.”

ஒற்றைக் கையால் ஜீன்ஸ் மாட்ட முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது. அவள்தான் ஸ்கூல் பிள்ளைக்குப் போடுவது போல மாட்டிவிட்டாள். காரையும் அவளே ஓட்டினாள், மகள் பின்சீட்டில். வழியில் அர்ஜென்ட் கேர் வந்தது. பார்க்கிங்கில் ஈ காக்கா இல்லை.

“காலியா இருக்கே,” என்றேன்.

“விரல் முக்கியமா, பார்க்கிங் முக்கியமா?”

விரல்தான் முக்கியம். ஆயுள் முழுக்க ரசம் சாதத்தை ஃபோர்க்கால் துரத்தும் என் எதிர்காலம் கண்ணெதிரே ஓடியது.

எமர்ஜென்சியில் என்னைச் சோதித்த நர்ஸிடம், வழியில் போனில் படித்த ஆங்கிலத்தையெல்லாம் இறக்கினேன்: உணர்ச்சி இழப்பு, தசைநாண் சேதம். அவர் முகம் கடுமையானது. டவலைப் பிரித்தார். டிஷ்யூவைப் பிரித்தார். நிறுத்தினார். இது என்ன என்று கேட்டார்.

ரப்பர் பேண்ட் என்றேன். எங்கிருந்து என்றார். கொத்தமல்லியிலிருந்து என்றேன்.

கத்தரிக்கோலை எடுத்தார். ஒரே வெட்டு. கத்தரிக்காய் மெல்ல மெல்லத் தக்காளி ஆனது. கண்ணை மூடிக்கொள், தொடும்போது சொல் என்றார். மூடினேன்.

“யெஸ்,” என்றேன்.

“அப்பா, ஷி டிட்ன்ட் டச் யூ யெட்,” என்றாள் மகள்.

மறுபடி மூடினேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு விரல் நுனியில் குளிர்ச்சியாக ஏதோ உரசியது. இந்த முறை யெஸ் வரவில்லை. “அம்மா” என்றுதான் வந்தது. நர்ஸுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மடக்கச் சொன்னார். மடங்கியது.

காயத்துக்குப் புதுக் கட்டுப் போட்டபடி, இந்தத் தையலை அர்ஜென்ட் கேரிலேயே போட்டிருப்பார்கள் என்று நல்ல முறையில் சொன்னார். வந்தது வந்துவிட்டீர்கள், விரலை அசைக்காமல் உட்காருங்கள், நிஜ எமர்ஜென்சிகள் முடிந்ததும் கூப்பிடுகிறோம் என்றார். உட்கார்ந்தோம். ஸ்ட்ரெச்சர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. காலை டிபன் நேரம் போய், மதியச் சாப்பாட்டு நேரமும் போனது.

“அங்கயே போயிருந்தா இந்நேரம் கறிவேப்பிலையோட வீட்ல இருந்திருப்போம்,” என்றாள் மனைவி.

மடியில் இருந்த கையில், இல்லாத சோற்றைப் பிசைந்து கட்டைவிரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்தது. இன்னொரு வாய் தள்ளினேன்.

“ஏங்க, அசைக்கக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?”