ஜொகூர் பாரு மாநாட்டில் ஒரு ஜன்னலோர மேசை

காலை 6.15. கோத்தா திங்கியில் பஸ் ஏறும்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஏழு வருடமாக மென்பொருளில் கோளாறு தேடுவதுதான் என் பிழைப்பு. என்னைப் போன்றவர்கள் ஒரே மண்டபத்தில் கூடுவதை இன்றுதான் பார்க்கப் போகிறேன். ஜொகூர் பாருவுக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். மாநாட்டுக் கட்டணம் நூற்றெண்பது ரிங்கிட். கொடுத்தவர் எங்கள் முதலாளி குமார் அண்ணன்.

"போய்ட்டு வாம்மா. ஆனா சாயங்காலமே பிரயோஜனமா இல்லையான்னு நேரா சொல்லிடணும். இல்லன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து யாரும் போக வேணாம்" என்றிருந்தார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

7.30. லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் பிடித்தேன், பதினான்கு ரிங்கிட். எங்கே போகிறேன் என்று சொன்னதும் ஓட்டுநர் சிரித்தார்.

"அலமாக்! கோளாறு பாக்க ஹோட்டலுக்கா போறீங்க? என் ஃபோன்லயே நூறு இருக்கு லா!"

9.00. கடலோர ஹோட்டல். முதல் பேச்சு அருமை. இரண்டாமவர் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார். நான் தொடையைக் கிள்ளிக்கொண்டு விழித்திருந்தேன். இதை வீட்டிலேயே வீடியோவில் பார்த்திருக்கலாமே என்று தோன்றியது. அண்ணனிடம் என்ன சொல்வது?

12.45. சாப்பாட்டுக்கு ஜன்னலோர மேசை கிடைத்தது. எதிரே, கடலுக்கு அப்பால் சிங்கப்பூர்க் கட்டடங்கள். பக்கத்தில் கெலாங் பாத்தாவிலிருந்து வந்த கதீஜா. அவரும் சோதனை வேலைதான். என் தலைவலியை அவரிடம் கொட்டினேன். பள்ளி வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி எங்களுடையது. இந்த ஊரில் கடலோரத்தில் குடியிருக்கும் ஓர் அம்மா, வரைபடமே தெரியவில்லை என்று ஒரு மாதத்தில் மூன்று முறை எழுதிவிட்டார். மூன்று முறையும் அலுவலகத்தில் சோதித்துவிட்டு, "எங்களிடம் சரியாக இயங்குகிறது" என்று பதில் போட்டேன்.

"இங்க தொறந்து பாருங்களேன்" என்றார் கதீஜா.

திறந்தேன். வெள்ளைத் திரை!

"அது சிங்கப்பூர் லைன் லா! ரோமிங் போட்டிருந்தா, கடல் பக்கம் ஃபோன் தானா அங்க தாவிடும். எங்க ஊர்லயும் இதே கதைதான்."

சிங்கப்பூரில் தங்கை இருப்பதால் நான் ரோமிங்கை அணைப்பதே இல்லை. ஆனால் எங்கள் அலுவலகம் இருக்கும் கோத்தா திங்கிக்கு அந்த லைன் எட்டாது. பிள்ளைகளின் பாதுகாப்புக்காக, வெளிநாட்டு லைன் என்றால் வரைபடத்தை மறைக்கும்படி பூட்டு வைத்தவர்கள் நாங்களேதான். பிரியாணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தோம். உள்பக்க நடைவழிக்குப் போனால் வரைபடம் வந்தது. ஜன்னலுக்கு வந்தால் மறைந்தது. ஐந்து முறை ஓடிப் பார்த்தோம். அத்தனை சந்தோஷம் எனக்கு!

2.10. அந்த அம்மாவை ஃபோனில் கூப்பிட்டேன்.

"நீங்க சொன்னது சரிதான் அக்கா. தப்பு எங்க செயலியிலதான்."



"என் ஃபோன்தான் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு, போன வாரம் கடன்ல புதுசு வாங்கிட்டேனே, தங்கச்சி. அதுலயும் வரல."

மன்னிப்புக் கேட்டேன்.

5.40. திரும்பும் பஸ்ஸில், இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள் தொடங்கியபோது குமார் அண்ணன் அழைத்தார்.

"என்னம்மா, பிரயோஜனமா?"

"பிரயோஜனம்தான் அண்ணே" என்றேன். "ஒரு மாசம் முன்னாடியே போயிருக்கணும்."