எட்டுச் செலவுக்கு ஒரு கொடுவா

என் மச்சானைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று எங்கள் ஆட்கள் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் யாரையும் கொண்டுபோகவில்லை. அது தன் நேரத்துக்கு வந்தது. அவன்தான் கரைக்கு வரவில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என் வயதுதான். அவன் வெம்பிளியில் இருந்தான், நான் ஹவுன்ஸ்லோவில். லீவு கிடைக்கும்போதெல்லாம் இருவரும் எசெக்ஸ் பக்கம் போய், தேம்ஸ் கடலோடு சேரும் இடத்தில் கொடுவாவுக்குத் தூண்டில் போடுவோம். அவன் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வளர்ந்தவன். நான் வன்னி, குளங்களின் நாடு. கடலை முதலில் பார்த்ததே இயக்கச் சண்டைக்குப் பயந்து ஓடிய காலத்தில்தான். இதை வைத்து, குளத்துத் தவளை என்று என்னைக் கேலி பண்ணாமல் அவன் விட்டதே இல்லை.

போன ஒக்டோபரில் மாமா, அவனுடைய அப்பா, செத்துப்போனார். தகனம் முடிந்தது. எட்டுச் செலவு நெருங்கியது. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கிற நாள் அது. மீன், இறைச்சி, சாராயம், ஒன்றும் விலக்கில்லை. மாமாவுக்குக் கொடுவா என்றால் உயிர். ஆனால் கடையில் விற்கிற கொடுவா பண்ணையில் வளர்த்தது. மனிதர் அதை ஒரு தரம் தின்றுவிட்டு, சவுக்காரக் கட்டி என்று சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டவர்.

"அந்த மனிசனுக்குக் கடை மீனை வைக்காதையுங்கோ," என்றார் மாமி.

"நான் பிடிச்சுக்கொண்டு வாறன் அம்மா," என்றான் மச்சான். வீடு நிறையச் சனம் இருந்தது. ஒருவர்கூட, வேண்டாம், கடையில் வாங்கலாம் என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் கண் கலங்கியது. நல்ல மகன் என்றார்கள்.

படையலுக்கு முதல் நாள் காலையில் போனோம். வற்று நேரம். கடல் வெகுதூரம் உள்ளே போய், தரை சேறும் மணலுமாகக் கிடந்தது. ஒரு வாய்க்காலைக் கணுக்கால் தண்ணீரில் கடந்து, அப்பால் இருந்த மணல் திட்டில் நின்றோம். கொடுவா பெருக்குத் தண்ணீரோடுதான் வரும். சேற்றில் நண்டு கிளம்ப, அதைத் தின்ன முழங்கால் ஆழத்துக்குள்ளும் மூக்கை நுழைத்துக்கொண்டு வரும். தண்ணீர் திரும்பிய முதல் ஒரு மணித்தியாலம்தான் மீனுக்கு நல்ல நேரம். மனிதன் கரைக்குத் திரும்ப வேண்டிய நேரமும் அதுதான்.

எங்கள் ஊர்க் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் முழங்கால் அளவுகூட வித்தியாசம் இருக்காது. மச்சானின் உடம்பில் ஊறியது அந்தக் கடல். இங்கே தண்ணீர் ஒரு மாடி வீட்டு உயரத்துக்கு ஏறும். முன்னால் இருந்தும் வராது. வாய்க்கால்களால் முதுகுப் பக்கமாக வந்து, நீ மீனைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே உனக்கும் கரைக்கும் நடுவில் நிரம்பும். வருடக்கணக்காக இதைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் நான்தான் அவனை இழுத்துக்கொண்டு கரையேறியிருக்கிறேன்.

தண்ணீர் திரும்பியதும் ஒரு கொடுவா பட்டது. அடிமட்டத்தை வைத்து அளந்தேன், சட்டம் சொல்லும் அளவுக்கு ஒரு விரல் குறைவு. விடச் சொன்னேன்.

"செத்த மனிசன்ர படையலுக்கும் இவங்கட அடிமட்டம் வேணும்," என்று ஏசிக்கொண்டே விட்டான்.

"சரி, வா மச்சான். வாய்க்கால் நிரம்புது."

"நீ போ. நான் இன்னும் ரெண்டு வீச்சு வீசிட்டு வாறன்."

"ஏலாது. இப்பவே முழங்கால் தண்ணி."

"குளத்துத் தவக்கை எனக்குக் கடல் படிப்பிக்குதோ? போய்க் காருக்குள்ள கிட. வெறுங்கையோட அம்மான்ர முகத்தில நான் முழிக்கேலாது."

கையைப் பிடித்து இழுத்தேன். தள்ளிவிட்டான். நான் கடந்தபோது தண்ணீர் இடுப்பில். ஓட்டம் காலைப் பறித்தது. கரையேறித் திரும்பிப் பார்த்துக் கத்தினேன். அவன் நின்ற இடம் இன்னும் காய்ந்துதான் கிடந்தது. அதுதான் ஆளை ஏமாற்றும். அவன் தூண்டில் தடி வளைந்திருந்தது. ஒரு கையைத் தூக்கி, பொறு என்று காட்டினான்.

நான் அவசர உதவிக்குப் போன் அடித்தேன். பேசி முடிக்குமுன் அவன் தடியைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டான். "அங்கேயே நில், போட் வருது" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று என் பக்கம் வீசியது. நெஞ்சுவரை ரப்பர் காற்சட்டை போட்டிருந்தான். நடுவில் அதற்குள் தண்ணீர் நிரம்பியது. ஆள் சரிந்தான். ஒருமுறை தலை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

மீட்புப் படகு விரைவாகத்தான் வந்தது. அவனை எடுத்தபோது மூச்சில்லை. அந்தத் திட்டு அப்போதும் முழுதாக மூழ்கியிருக்கவில்லை.

பொலிஸ்காரர் ஒருவரோடு நானும் வெம்பிளிக்குப் போய் மாமியிடம் சொன்னேன். சமையலறையில் அடுத்த நாளைக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். வீடு முழுக்கக் குழறி அழுதது. மாமி குழறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீன் பட்டதோ?"

"தடி வளைஞ்சது மாமி."

"கொடுவாவோ?"

"கொடுவா எண்டு சொல்லுங்கோவன்," என்றாள் மனைவி என் காதுக்குள்.

நான் எதைக் கண்டேன்? அந்த நைலோன் கயிற்றின் நுனியில் ஒரு பாசிக் கட்டிகூட இருந்திருக்கலாம்.

"நான் காணேல்லை மாமி," என்றேன்.

அதற்காக மனைவி கன நாள் என்னோடு பேசவில்லை. ஒரு பொய் சொன்னால் உங்களுக்கு என்ன குறைந்துபோகும் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் குறையாது. சொல்லியிருந்தால், அப்பனுக்குக் கொடுவா பிடித்து உயிர்விட்டவன் என்று இந்தச் சனம் அவனைச் சாமியாக்கியிருக்கும். அடுத்தவனும் போய் அந்தத் திட்டில் நிற்பான்.