பாய்மரத்தடியில் ஒழுகிய நீர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், குளச்சலிலிருந்து கொச்சிக்குப் போய்வந்த ஒரு பாய்க்கப்பலில் நான் தண்டல். மாலுமிகளுக்குத் தலைவன் என்று பேர். எது கெட்டாலும் முதலாளியிடம் வசவு வாங்குகிறவன் என்பதுதான் அதன் பொருள்.

ஒரு மழைக்காலத்தில் பெரிய பாய்மரத்தடியில் நீர் ஒழுகத் தொடங்கியது. மரம் மேல்தட்டைத் துளைத்துக் கீழே இறங்குகிற இடம் அது. அரிசி மூட்டைகள் நனைந்து நாறின. கப்பலை இருபது வருடமாகப் பார்த்துவந்த ஆசாரி, மரத்தைச் சுற்றியிருந்த ஆப்புகளை இறுக்கி, இடுக்கில் பஞ்சுத்திரி திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றினார். அடுத்த மழையிலும் ஒழுகியது. மறுபடி ஊற்றினார். மறுபடி ஒழுகியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"ஆசாரிக்குக் கை போச்சு. வேற ஆளப் பாருங்க," என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாள் தவணை கொடுத்தார். அதற்குள் ஒழுக்குக்குக் காரணம் தெரியாவிட்டால் ஆசாரிக்கு அந்தக் கப்பலில் வேலை இல்லை.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. கீழே மரத்தடியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவச் சொல்லி, என்னை விளக்கோடு அங்கே உட்காரவைத்தார் ஆசாரி. மேல்தட்டில் ஆப்புகளின் மேல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்.

"வெள்ளம் வருதா தண்டலே?"

"ஒரு சொட்டு இல்ல."

பிறகு மரத்தின் மேலேயே, ஆள் உயரத்திலிருந்து ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் சாம்பல் கறுத்தது. நீர் ஆப்பு வழியே வரவில்லை.

"மரத்துக்குள்ள இருந்துல்லா வருது ஓய்!" என்று கத்திக்கொண்டே மேலே ஏறினேன்.

ஆசாரி வாளியோடு எங்கள் பித்தளைச் சிலுவையின் எதிரே நின்றார். மாதா கோயில் திருவிழாவில் பங்குச் சாமியார் மந்திரித்துத் தந்தது. நேர்ச்சையாக நானே அதை நீள ஆணி வைத்து மரத்தில் அறைந்திருந்தேன். ஆணி இறங்கிய இடத்தில் மரம் விண்டு, மழை உள்ளே போயிருந்தது.

"ஒமக்கு இது எப்பம் தெரியும்?"

"மொத மழையிலயே சம்சயம் உண்டு. ஒங்க குருச கழத்தணும்னு நான் சொன்னா, ஒங்க ஆளுவ என்னைக் கடல்ல தள்ளமாட்டாவளா?"

பிறரைத் தொடவிடாமல் நானே ஆணியைப் பிடுங்கினேன். ஆசாரி வெடிப்பில் குங்கிலியம் ஊற்றி, மரமுளை அடித்தார். சிலுவையைக் கயிற்றால் கட்டினோம். மறுநாள் நல்ல மழை. கீழே புதிதாகத் தூவிய சாம்பல் வெள்ளையாகவே கிடந்தது.

"எதனால ஒழுகிச்சு?" என்று கேட்டார் முதலாளி.

"மரத்துல வெடிப்பு. ஆசாரி மொதல்லயே பாத்திருக்கணும்," என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

ஆசாரி பக்கத்தில்தான் நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"உள்ளதுதான் மொதலாளி. என் கண்ணுக்குப் படல்ல," என்றார்.

அந்த வாரமே வேறு ஆசாரி வந்தார்.