மையக்கோட்டு மேஸ்திரி

ஒரு டைல்ஸை ஒட்டி முடித்ததும் மேஸ்திரி கரண்டியின் பிடியால் அதன் நாலு மூலையிலும் தட்டுகிறார். தலையைச் சாய்த்துக் கேட்கிறார். சத்தம் கெட்டியாக இருந்தால் அடுத்ததற்கு நகர்வார். டொக்கென்று கேட்டால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று அர்த்தம்; ஈரம் காய்வதற்குள் பெயர்த்தெடுத்துவிடுவார். வீட்டுக்காரர் "பரவாயில்ல, விடுங்க மேஸ்திரி" என்றாலும் கேட்கமாட்டார். "நீங்க விட்டுருவீங்க. என் காது விடாதே" என்பார்.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவருக்கு முதல் வேலை, நூல் பிடித்து நட்டநடுவில் ஒரு கோடு போடுவது. அதற்கென்றே காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமையிலும். கூட வேலை செய்கிறவர்கள் 'மையக்கோட்டு மேஸ்திரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடுகிறது. வாசலில் செருப்புகள் டைல்ஸ் இணைப்புக்கு நேராக நிற்க வேண்டும். மேஜைமேல் தண்ணீர் ஜாடியைக்கூட நகர்த்தி நகர்த்தி நடுவில் வைப்பார். அவர் மனைவிக்கும் இப்போது அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. "தூக்கத்துல பொரண்டு படுத்தாக்கூட நூல் புடிச்சுப் பாப்பாரோன்னு பயமா இருக்கு" என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரே மகள். வெளியூரில் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிறாள். பாட்டுக்கு அடியில் நின்று அதைத் தாங்குகிற, தடித்த குரலுள்ள கிடார் அது. குழுவின் முதல் பாட்டு வெளியானதும் மேஸ்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. உறவுக்காரர் எல்லாருக்கும் போனில் போட்டுக் காட்டினார். அவருடைய சகலை மருந்துக்கடைக்காரர்; எதிலும் ஒரு கிண்டல் இல்லாமல் அவருக்குப் பொழுது போகாது. பாட்டைக் கேட்டு முடித்து, போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு சகல. இதுல உம் பொண்ணு எங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரியும் சிரித்தார். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. ஏனென்றால் அந்தச் சின்னப் போன் ஸ்பீக்கரில் மகள் வாசித்தது அவருக்கும் கேட்கவில்லை. அதை அவளிடம் சொல்ல வாயும் வரவில்லை.

அதன் பிறகுதான் பின்னறை, பாட்டுக் கேட்கும் அறையாக மாறியது. எதிரொலி அடங்கச் சுவர்களில் பஞ்சு அடைத்த துணிப் பலகைகள், மூலைகளில் தடித்த திண்டுகள். முன்னால் இரண்டு ஸ்பீக்கர்கள், தணிந்த சுரங்களுக்கென்றே கனத்த சப்வூஃபர் பெட்டி ஒன்று. பெட்டியை முன்சுவரின் நட்டநடுவில் வைத்தார். நாற்காலியை அறையின் நட்டநடுவில் போட்டார். அவர் வேறெங்கே போடுவார்? பாட்டைப் போட்டால் பாடுகிறவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது. மகளுடைய சுரங்களில் பாதியைக் காணோம். ஒலியைக் கூட்டினால் ஜன்னல் கண்ணாடிதான் அதிர்ந்தது.

"இம்புட்டு பஞ்சுக்கு நாலு மெத்த தச்சிருக்கலாம்" என்றார் மனைவி.

இந்த லட்சணத்தில் சகலை போன் செய்தார். அப்படி என்னதான் கட்டி வைத்திருக்கிறான் என்று பார்க்க, ஞாயிறு சாயங்காலம் குடும்பத்தோடு வருகிறாராம். ஞாயிறு காலையிலேயே மேஸ்திரி மகளைப் போனில் கூப்பிட்டார். பெட்டியை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார், காரணத்தைச் சொல்லவில்லை.

"பெட்டி, நாற்காலி ரெண்டையும் நடுவுல வச்சிருப்பீங்களே?"

"பின்ன?"

"அதான்ப்பா கோளாறு. நடுவுல சில சத்தம் ஒண்ணோட ஒண்ணு மோதிச் செத்துப்போகும். நாற்காலியக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க. பெட்டியத் தூக்கி அதுமேல வைங்க. பாட்டப் போட்டுட்டு, சுவரோரமாத் தவழ்ந்துகிட்டே போங்க. எந்த எடத்துல நல்லாக் கேக்குதோ, அங்கதான் பெட்டிய வைக்கணும். அப்பத்தான் நாற்காலியில அதே மாதிரி கேக்கும்."

"தவழணுமா? நான் வேற என்னம்மா செய்றேன் இத்தன வருஷமா?"

வேலைக்குப் போடும் முட்டி உறைகளை மாட்டிக்கொண்டு இறங்கினார். மூலையில் எல்லாச் சுரங்களும் குழைந்து உறுமின. "இது சேறு" என்று நகர்ந்தார். முன்சுவரின் நடுவில் ஒரு சுரம் அடியோடு இல்லை. "இங்க காலி." அவருடைய மையக்கோட்டைக் காலி என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. பக்கச்சுவரோரம் ஜன்னலைத் தாண்டி, கதவை நெருங்கும்போது நின்றுவிட்டார். சுரங்கள் ஒவ்வொன்றாக, கெட்டியாக விழுந்தன. பின்னால் போனார், திரும்ப வந்தார். அதே இடம்தான். மகள் வாசிப்பது அவருக்கு அன்றுதான் முழுசாகக் கேட்டது. கண் நிறைந்துவிட்டது.

மனைவி எட்டிப் பார்த்தார். "எதையாவது தொலச்சிட்டீங்களா?"

"கெடச்சிருச்சு."

இருவருமாகப் பெட்டியை அங்கே இறக்கினார்கள். டைல்ஸ் இணைப்பின்மேல் குறுக்கே உட்கார்ந்தது அது. கதவு இடிக்காமலிருக்கக் கோணலாகவும் திருப்ப வேண்டியிருந்தது. மனம் கேட்காமல் ஒரு டைல்ஸ் தள்ளி நேராக வைத்துப் பார்த்தார். ஒரு சுரம் இளைத்தது. முதலில் இறக்கிய இடத்துக்கே தள்ளினார்.

சாயங்காலம் சகலை நாற்காலியில் கால்மேல் கால் போட்டுச் சாய்ந்தார். "நாற்காலி பிரமாதம்" என்று ஆரம்பித்தார். பாட்டு ஆரம்பித்தது. முதலில் குரல், பிறகு அடியிலிருந்து அந்தக் கிடார் எழுந்து வந்தது. சகலை காலை இறக்கி ஊன்றிக்கொண்டார். அவர் ஒரு பாட்டு முழுக்க வாயை மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை.

மேஸ்திரி மெதுவாகக் கேட்டார். "இதுல எம் பொண்ணு எங்க சகல?"

சகலை உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டினார். "இன்னொரு தடவ போடு."

மேஸ்திரிக்கு மாலை போட்டதுபோல் இருந்தது. மறுபடி பாட்டைப் போட்டார். பலகாரத் தட்டோடு வந்த மனைவி, கோணலாக நின்ற பெட்டியைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் தட்டை வைத்துவிட்டு அதை நேராக்கக் குனிந்தார். மேஸ்திரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தார். தரையில் மண்டியிட்டு, தாமே நூல் பிடித்துப் போட்ட டைல்ஸ்களின் மேல், பெட்டியைச் சுற்றிக் கோணலாகவே கோடு இழுத்தார்.